குஞ்சை அள்ளி விட்டால் மீன் கூடுமா?

மேலூர்ப் பக்கம் கண்மாய் மீன் ஏலம் எடுத்தவர், மகசூல் குறைந்தால் அடுத்த வருசம் இரண்டு மடங்கு குஞ்சு விடுவார். மீன் கூடாது, சிறுத்துத்தான் போகும்.

மார்கழியில் 10 ஹெக்டேருக்கு நிற்கும் தண்ணீர் சித்திரையில் 1 ஹெக்டேராகச் சுருங்கினால், ஒரு குஞ்சுகூடப் பொரிக்காமலே நெரிசல் பத்து மடங்காகிவிடும். குஞ்சுக் கணக்கை நிறைகண்மாயை வைத்துப் போடாதீர்கள். மீன் பிடிக்கிற மாதத்துத் தண்ணீரை வைத்துப் போடுங்கள்.

நெரிசலில் முதலில் தட்டுப்படுவது தீனி இல்லை, ஆக்சிஜன். லிட்டர் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், ராத்திரி அதுவும் மீனோடு சேர்ந்து இழுக்கும். அதனால்தான் விடியுமுன் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. மேகமூட்டமாக இரண்டு நாள் போனால் இன்னும் மோசம். அன்றைக்குச் சாணம், தவிடு எதுவும் போடக்கூடாது. மோட்டாரை வைத்துத் தண்ணீரை எடுத்து மேலேயிருந்து பீய்ச்ச வேண்டும். பெரிய கட்லா முதலில் செத்து, விரால் உயிரோடு இருந்தால் ஆக்சிஜன் குறைவு என்று சந்தேகப்படலாம். விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். நட்ட நடுப்பகலில் சின்னது பெரியது எல்லாம் ஒன்றாக மிதந்தால் பூச்சிமருந்து கலந்ததா என்று பாருங்கள்.

கட்லா மேலே மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றையும் கலந்து விட்டால் தீனிச் சண்டை குறையும். ஜிலேபி மீன் (திலாப்பியா) புகுந்தால் இந்தக் கணக்கு குலையும். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அதன் குஞ்சுகள் அவ்வளவாகச் சாவதில்லை. இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்து, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். அதை அடக்க விரால் உதவும். ஆனால் நீங்கள் விடும் குஞ்சு விரலளவுக்குக் குறைந்தால் விராலுக்கு அதுவும் இரைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய்) பாய்ந்தால் மீனும் கூடவே போகும். கலுங்கில் வலை கட்டலாம். குப்பை அடைத்துத் தண்ணீர் ஏறிவிடாமல் தினமும் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைக்கு ஆபத்து. மேலக் கண்மாயில் ஜிலேபி இருந்தால் அங்கே நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீரோடு உங்களுக்கும் வந்து சேரும், அதற்கு இந்த வலை உதவாது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் வாயில் வேறு வலை வேண்டும், கண்ணியும் சிறிதாக.