1,200 ரூபாய் ஆட்டோவும் வாழைமரத்துப் பச்சைப் பல்லியும்

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரிலிருந்து சிடியா டாப்பு 25 கிலோமீட்டர். 2024-இல் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் நான் பேசிய ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. போக, அங்கே இரண்டு மணி நேரம் நிற்க, திரும்ப, எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்று பேசி ஏறினேன். போய்ச் சேர்ந்து ஐம்பது நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் நிற்க வேண்டுமானால் 600 ரூபாய் வெயிட்டிங்காம். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் 1,200-ஐ எண்ணிக் கையில் கொடுத்து, "நீங்கள் கிளம்புங்கள், நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். திரும்பி வராத பயணத்துக்கும் பணம் கொடுத்த புத்திசாலி நான்தான்.

விமான டிக்கெட்டே பட்ஜெட்டில் பாதியை விழுங்கியிருந்தது. சென்னையிலிருந்து கப்பலில் வரலாம் என்றால் மூன்று நாள் போகும், அத்தனை விடுப்பு இல்லை. ஆக, அந்த 1,200 எனக்குப் பெரிய தொகை.

சிடியா என்றால் இந்தியில் பறவை. பறவை பார்க்கத்தான் போனேன். பத்து மணிக்குப் போய் இறங்கினால் எந்தப் பறவை காத்திருக்கும்? இரண்டு மைனா. அவற்றை மாம்பலத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கோபத்தோடு போய் உட்கார்ந்த இடம் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு டீக்கடை. நடத்துபவர் தமிழ் பேசும் ஓர் அக்கா. அவருடைய அப்பா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பமாம். கடையை ஒட்டி நாலைந்து வாழை, அதற்குப் பின்னால் பாக்குமரங்கள். டீயை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாழைத்தண்டில் ஒரு பச்சை அசைந்தது.

இலைத்துண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். தலைகீழாக ஒட்டியிருந்த ஒரு பல்லி அது. நம் வீட்டுச் சுவரில் திரியும் சோகை பிடித்த சாம்பல் நிறப் பல்லியை மறந்துவிடுங்கள். இது தளிர் வாழையிலை நிறம். முதுகில் குங்குமத்தை விரலால் தொட்டு வைத்தது போலச் சிவப்புப் பொட்டுகளும் கீற்றுகளும். வால் பக்கம் போகப் போகப் பச்சை நீலமாக மாறியது. அடிவயிறு வெளிர் மஞ்சள். மூக்கிலிருந்து வால் நுனிவரை என் உள்ளங்கை நீளத்தைவிட ஒரு விரற்கடை மிஞ்சும். இதற்கு டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது, எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இடம் கிடையாது. அந்தமான் என்றால் கண்ணாடிப் படகும் பவளப்பாறையும்தான் என்று விற்கும் ஆட்கள் இதை எப்படி விட்டார்கள் என்று புரியவில்லை. இலவசமாகக் கிடைப்பதை எப்படி விற்பது என்று விட்டிருப்பார்கள்.

"அது தினமும் வரும் தம்பி. காலை வெயில் ஏறியதும் தண்டில் வந்து காயும். உச்சி வெயிலில் மட்டைக்குள் போய்விடும்" என்றார் அக்கா.

பகலில் நடமாடும் பல்லி! இதுதான் விஷயமே. பல்லி என்றால் விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பிடிக்கும் இரவுப் பிராணி என்றே பழகிவிட்டோம். இரவுப் பல்லிகளின் கண்ணைப் பகலில் பார்த்தால் நடுவே செங்குத்தாக ஒரு கீறல் தெரியும். இதற்கோ கண்மணி உருண்டை. நம்மை நிமிர்ந்து பார்க்கும்போது ஏதோ விசாரிப்பது போலவே இருக்கிறது. இமை இல்லாததால் அவ்வப்போது நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்கிறது. நான் ஒரு விரலை நீட்டினால் சட்டென்று தண்டின் மறுபக்கம் சுற்றிப் போய்விடும். நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். இந்தக் கண்ணாமூச்சியை இருபது நிமிடம் ஆடினேன், பக்கத்து மேசைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. மேசையில் சிந்திய டீயை நான் துடைக்கவில்லை. வாழையிலிருந்து கடைச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து மேசை விளிம்புக்கு, நின்று நின்று வந்தது. இளஞ்சிவப்பு நாக்கால் சர்க்கரை டீயைப் பூனைக்குட்டி போல நக்கிக் குடித்தது. இந்த இனம் பூச்சியை மட்டும் நம்பி இருப்பதில்லை. பூந்தேன், பழச்சாறு என்று இனிப்பு எங்கே இருந்தாலும் தேடிப் போகும். வாழைப்பூ இருக்கும் தோட்டத்தை அது ஏன் விடாது என்று அப்போதுதான் புரிந்தது.

அறைக்கு வந்து தேடிப் படித்ததில் இன்னும் வியப்பு. அந்தமான் பகல் பல்லி, அறிவியல் பெயர் பெல்சூமா அந்தமானென்சிஸ். 1858-இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பைத் தொடங்கிய மூன்றாம் ஆண்டே, 1861-இல், கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்த எட்வர்ட் பிளைத் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இதன் சொந்தபந்தம் எல்லாம் மடகாஸ்கர், மொரிஷியஸ், சேஷெல்ஸ் பக்கம். மடகாஸ்கருக்கும் அந்தமானுக்கும் நடுவே 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். இந்தியப் பெருநிலத்தில் இந்தப் பெல்சூமா வகைப் பச்சைப் பல்லி ஒன்றுகூட இல்லை. இது மட்டும் தன்னந்தனியாக இங்கே. எந்தக் காலத்தில் எந்த மிதக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததோ! நான் 1,200 ரூபாய்க்கு அழுகிறேன்.

மறுபடி டீக்கடைக்கு வருகிறேன். அங்கே மேசையில் இன்னொரு பல்லியும் எட்டிப் பார்த்தது. நிறம் கொஞ்சம் மங்கல், கழுத்தின் இருபுறமும் சின்ன வீக்கம். நோய் என்று பயந்தேன். அது பெண்ணாம். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைப் பெண் பல்லி கழுத்துப் பைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை.

இதற்குள் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பையன் ஓடிவந்து பல்லியைப் பிடிக்கப் பாய்ந்தான். அக்கா போட்ட சத்தத்தில் பையன் மட்டுமல்ல, அவன் அப்பாவும் இரண்டடி பின்வாங்கினார். நல்லதுதான். இந்த வகைப் பல்லிகளின் தோல் மிக மெல்லியது, அழுத்திப் பிடித்தால் உரிந்து கையோடு வந்துவிடும். வால் போனால் முளைக்கும் என்பது வேறு கதை. தப்பிய பல்லி சட்டத்தில் ஏறி நின்றபோது பார்த்தேன், தளிர்ப்பச்சை போய்ப் பாசி படிந்த நிறமாகிவிட்டது. பயந்தாலும் குளிர்ந்தாலும் இப்படிக் கறுத்துவிடுமாம். அழகுக்காகக் கூண்டில் வளர்க்க உலகெங்கும் ஆள் இருப்பதால், பெல்சூமா வகைப் பல்லிகள் அனைத்தும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. கண்டபடி எல்லை தாண்டி விற்கக் கூடாது.

அந்தப் பையனின் பாட்டி மட்டும் வேறு கவலையில் இருந்தார். "தலையில் விழுந்தால் என்ன பலன்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். மதுரைக்காரராம். கௌளி சாஸ்திரத்தில் பச்சைப் பல்லிக்குத் தனிப் பலன் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. "லாபம்" என்று சொல்லிவைத்தேன். அவருக்கு மகிழ்ச்சி.

மதியம் அக்காவிடமே சாப்பாடு. சூரை மீன் குழம்பு, வறுத்த துண்டு ஒன்று, ரசம், மலைபோல் சோறு. 180 ரூபாய். புளியும் மிளகும் முந்திக்கொண்டு நின்ற அந்தக் குழம்புக்கு நான் 300-கூடக் கொடுத்திருப்பேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை. முந்தின நாள் கடற்கரை ஓட்டல் ஒன்றில் 450 ரூபாய்க்கு ரப்பர் போன்ற மீனைத் தின்ற வயிறு அன்றுதான் சமாதானமானது.

பஸ் நேரம், தங்குமிடம், படகு டிக்கெட் எல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அடுத்த பதிவில் பார்க்கலாம். ஒன்றே ஒன்று: டிசம்பரில் இங்கே 5 மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் "மாலையில் கிளம்பலாம்" என்று உட்கார்ந்திருந்தால் இருட்டில்தான் நிற்பீர்கள். நானும் நின்றேன்.

வெயில் இறங்கியதும் பச்சைப் பல்லி வாழைமட்டை இடுக்கில் நுழைந்தது, அதன்பிறகு வெளியே வரவில்லை. அக்கா டியூப் லைட்டைப் போட்டார். சில நிமிடத்தில் அதன் அடியில் வெளுத்த சாம்பல் நிறத்தில் சாதாரண வீட்டுப் பல்லி ஒன்று வந்து நின்று, பூச்சிக்காகக் காத்தது. மில்லில் ஷிப்ட் மாறுவது போல.

"இது எங்கள் ஊரிலும் இருக்கிறது அக்கா" என்றேன்.

"அது எங்கேதான் இல்லை?" என்றபடி கிளாஸ்களைக் கழுவப் போனார்.

பஸ் ஆறு மணிக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று இறங்கவில்லை, இன்னொன்று ஏறவில்லை, சீட்டின் கம்பி முதுகில் குத்தியது. டிக்கெட் 30 ரூபாய்.