எல்லாம் பச்சை, ஸ்டாக் மட்டும் உதைத்தது

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் டேட்டா வேலை பார்க்கிறேன். டேலி, எக்ஸெல் எல்லாவற்றையும் விட்டு ஈஆர்பிக்கு (கம்பெனியின் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) மாறியபோது வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஒரு ஃப்ரேம்வொர்க்கைக் கையில் கொடுத்தார்கள். ஒரு சரக்குக்கு ஒரே அளவு (கிலோ என்றால் கிலோ, பீஸ் என்றால் பீஸ்), கட்டாயக் கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. நிரம்பினால் டாஷ்போர்டில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதலில் இடித்தது ஜிஎஸ்டி எண். 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33, அடுத்த பத்து பான் எண். ஆனால் பிசிறு வெட்டி, செக்கிங் செய்து தரும் சின்ன யூனிட்காரர்கள் பலர் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் ஓட்டுபவர்கள்; அவர்களுக்குப் பதிவே தேவையில்லை. கட்டமோ கட்டாயம். ஸ்டோர் பையன்கள் எங்கள் கம்பெனி எண்ணையே அடித்து சேவ் செய்துவிட்டார்கள். நிஜ எண் என்பதால் சோதனையிலும் தேறியது. செல்போன் கட்டத்தில் பத்து ஒன்பது. டாஷ்போர்டு பச்சைப் பசேலென்று இருந்தது! இத்தனை பேருக்கும் ஒரே ஜிஎஸ்டி எண்ணா என்று ஆடிட்டர் கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது.

அதைவிடப் பெரிய தலைவலி காலர். பின்னி வரும்போது பீஸ் கணக்கு. சாயப்பட்டறைக்குப் போகும்போது கிலோ. தையலுக்குப் போகும்போது மறுபடி பீஸ். ஃப்ரேம்வொர்க்கோ ஒரு பீஸுக்கு இத்தனை கிராம் என்று ஒரே எண்ணை வைத்து மாற்றிக்கொண்டிருந்தது. சைஸ் மாறினால் எடை மாறும், நூல் கவுண்ட், அதாவது நூலின் பருமன், மாறினாலும் மாறும். சிஸ்டத்தில் இருந்த காலர் ரேக்கில் இல்லை, ரேக்கில் இருந்தது சிஸ்டத்தில் இல்லை. ஸ்டோர் அண்ணன் சத்தமில்லாமல் பழைய நீள நோட்டுக்குத் திரும்பியிருந்தார். அதைப் புரட்டினால் ஒவ்வொரு டிசிக்கும் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எடை ஒரு பத்தி, பீஸ் ஒரு பத்தி. நாங்கள் தேடிக்கொண்டிருந்த டிசைனே அதுதான்.

அதையே அப்படியே கேட்டோம். விதிவிலக்கு கொடுத்தால் ஒழுங்கே போய்விடும் என்றார்கள் ஆலோசகர்கள். அண்ணன் வாதாடவில்லை. ஒரே எண்ணிக்கையில் இரண்டு சைஸ் காலர் கட்டைக் கொண்டுவந்து, மீட்டிங் ரூமிலேயே தராசில் வைத்துக் காட்டினார். எம்டி எட்டிப் பார்த்தார், சரி என்றார்.

இப்போது டிசியில் இரண்டு அளவும் ஏறுகிறது, மாற்றுக் கணக்கு கிடையாது. ஜிஎஸ்டி கட்டத்தில் ‘பதிவு இல்லை’ என்று தேர்ந்தெடுக்கலாம். பான் எண் மட்டும் கேட்கும், டிடிஎஸ் எனும் வரிப் பிடித்தத்துக்கு அது வேண்டும். எங்கள் எண்ணை அடித்தால் ஏற்காது. மாநிலக் குறியீட்டுச் சோதனையை மட்டும் தொடவில்லை, அது உண்மையிலேயே உதவுகிறது. டாஷ்போர்டில் சிவப்பு கூடியதில் எம்டிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாயத்தில் குறையும் எடை இன்னும் பாக்கி. சிஸ்டம் எல்லாத் துணிக்கும் ஒரே சதவீதம் கேட்கிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இழப்பு ஒன்றாக வருவதில்லை. நிறவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லியிருக்கிறோம்.