சராசரி வேண்டாம், எங்கள் பள்ளியின் கணக்கைச் சொல்லுங்கள்

என் சின்ன மகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் வயது இன்னும் வரவில்லை. சில நாடுகளில் ஒன்பதாம் மாதத்தில் போடுகிறார்கள், சில நாடுகளில் ஒரு வயதுக்கு மேல். அதுவரை அவளைச் சுற்றி இருப்பவர்கள்தான் அவளுக்குப் பாதுகாப்பு. பெரியவனுக்கு இரண்டு டோஸும் போட்டாயிற்று. ஆனால் மாலையில் அவனை அழைத்துவரப் போகும்போது இவளையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். அந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் ஊசி போடவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கேட்டால் மாவட்டச் சராசரியைச் சொல்கிறார்கள். நூற்றுக்கு 95 பேர் இரண்டு டோஸும் போட்டிருந்தால் தட்டம்மை பரவ வழியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரே அளவுள்ள பத்துப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் 98 சதவீதம், ஒன்றில் 68. சராசரி சரியாக 95 வரும். அந்தப் பத்தாவது பள்ளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை.

2025இல் அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸில் நடந்தது இதுதான். மாநில அளவில் பார்த்தால் பெரிய குறை தெரியாது. நோய் தொடங்கிய கெயின்ஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில், பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 82 சதவீதம் பேர்தான் ஊசி போட்டிருந்தார்கள். அங்கிருந்து பரவி 762 பேருக்குத் தட்டம்மை வந்தது. ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

தடிப்பு வந்ததும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டால் போதாதா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். போதாது. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே, வெறும் காய்ச்சலும் இருமலுமாக இருக்கும்போதே, அந்தப் பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அது எழுந்து போன பிறகும் அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். பாதுகாப்பு இல்லாதவர்கள் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். வந்து போன பிறகும் விடுவதில்லை, மற்ற நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பில் ஒரு பகுதியையும் அழித்துவிட்டுப் போகிறது.

ஊசி போடாத வீடுகள் எல்லாம் ஊசிக்கு எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. முதல் டோஸ் போட்டிருப்பார்கள். இரண்டாவதன்போது வீடு மாறியிருப்பார்கள், இல்லையென்றால் அட்டை தொலைந்திருக்கும். அப்புறம் மறந்தே போயிருக்கும். ஒரு டோஸ் மட்டும் என்றால் ஆயிரத்தில் சுமார் 70 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டும் போட்டால் அது 30 ஆகக் குறையும். இவர்களுக்குத் தேவை ஒரு நினைவூட்டல்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம். வகுப்பு வாரியாக, இரண்டு டோஸும் முடித்தவர்கள் எத்தனை பேர், ஒன்றோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். நீங்களும் உங்கள் பள்ளியில் கேளுங்கள்.