களனி நீரும் களனி மீன்களும்

வீட்டில் மீன்தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த மீனை வாங்கி வந்த பின்னரே தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். கொழும்பில் இருப்பவர்கள் தண்ணீரிலிருந்து தொடங்கினால் வேலை பாதியாகக் குறையும். நமது குழாய்களில் வருவது பெரும்பாலும் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்ட நீர். அதைவிட, அதே ஆற்றுப் படுகையில் உள்ள லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும் நகருக்கு வருகிறது. ஈரவலயத்து மழையில் பெருகும் இந்த நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குளோரின் போவதற்காக ஒரு நாள் திறந்த வாளியில் விட்டுவைத்தால், களனிப் படுகையின் ஓடைகளில் பிறந்த மீனுக்கு அதைவிடப் பொருத்தமான நீரைத் தேட வேண்டியதில்லை.

அந்த மீன்களுள் முதலில் சொல்ல வேண்டியது செரி பார்ப். களனி முதல் நில்வளா வரையான தென்மேற்கு ஆறுகளின் நிழல் படிந்த ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இந்த மீனை 1929இல் விபரித்துப் பெயரிட்டவர், பின்னாளில் கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் அரிதாகவே வளரும், சாதுவானது, நொறுக்கிய சாதாரண மீன் உணவையும் கொசுப் புழுவையும் ஒரே ஆர்வத்துடன் உண்ணும். இரண்டடி நீளத் தொட்டியில் ஆறு முதல் எட்டு வரை விடலாம். ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் விடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆண்கள் ஓயாமல் துரத்திப் பெண் மீன்களைக் களைக்க வைத்துவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பிளாக் ரூபி பார்ப். கடையில் வெள்ளைக் கண்ணாடித் தொட்டிக்குள், கூசும் வெளிச்சத்தின் கீழ் இருக்கும்போது இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மங்கிய மஞ்சள் உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள், அவ்வளவுதான். கரிய மணலும், அடர்ந்த செடிகளும், நாட்டுவாதுமையின் காய்ந்த இலைகள் இரண்டும் உள்ள தொட்டிக்கு மாறிச் சில வாரங்கள் போனால், காலை வெளிச்சம் பட்டதும் ஆண்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருங்கி, துடுப்புகளை விரித்து, சுற்றிச் சுற்றி வரத் தொடங்கும். அப்போது தலையும் முன்னுடலும் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்து, பின்னுடல் முழுவதும் கருத்துவிடும். சில நிமிடங்களில் பெண் மீன்கள் விலகிப்போனால் அந்த நிறமும் தணியும். இந்த மாற்றத்தைப் பார்க்க விரும்புகிறவர் மூன்று நான்கு ஆண்களையாவது வைத்திருக்க வேண்டும். போட்டி இல்லாத ஆண் நிறம் காட்டுவதில்லை.

நீர் பொருந்துவதுபோல வெப்பநிலை பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இவை இரண்டும் 23 முதல் 26 பாகை செல்சியஸ் அளவில் நலமாக இருக்கும் மீன்கள். வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ மேற்கு நோக்கிய தொடர்மாடி வீட்டில் ஏப்ரல் மாதத்துத் தொட்டி நீர் 30 பாகையை எட்டிவிடும். சூடேறிய நீரில் ஒட்சிசன் குறையும், மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும். விலை உயர்ந்த குளிரூட்டி தேவையில்லை. மேசை மின்விசிறி ஒன்றை நீரின் மேற்பரப்பை நோக்கி வைத்தால், ஆவியாதலினால் இரண்டு பாகை வரையாவது இறங்கும். மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலையைக் கட்டி விடுங்கள், ஏனெனில் பார்ப் வகை மீன்கள் பயந்தால் துள்ளும்.

களனிப் படுகையின் எல்லா மீனும் வீட்டுக்கு வரத் தக்கதல்ல. ரஸ்போரா வகையைச் சேர்ந்த செம்மஞ்சள் நிறச் சிறு மீனான வற்றேரிபுளோரிஸ் அழகானதுதான், ஆனால் மிகவும் மென்மையானது. அனுபவம் இல்லாதவரிடம் நிலைக்காது. 1991இல் விபரிக்கப்பட்ட பந்துல பார்ப் கலாபிட்டமடைப் பகுதியின் ஓரோடையில் மட்டுமே அறியப்பட்டு, அழிவின் விளிம்பில் இருந்த மீன். அதை யாராவது விற்க வந்தால் வாங்காமல் விடுவதே முறை. பொதுவாகவே, பண்ணையில் இனம்பெருக்கிய மீன்தானா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆற்றில் பிடித்தவை பெரும்பாலும் வயிறு ஒட்டி, உணவைத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் நிற்கும்.

இந்தியாவிலிருந்து வரும் மீன்களில் எல்லோரும் கேட்பது மிஸ் கேரளா எனப்படும் டெனிசன் பார்ப். மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான, குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த ஆறுகளில் கூட்டமாக வாழும் இது 15 சென்ரிமீற்றர் வரை வளரும். நான்கடித் தொட்டியும் நல்ல நீரோட்டமும் இல்லாத வீட்டில் இதை வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. கேரளத்தின் குட்டிப் பஃபர் மீனோ இரண்டரை சென்ரிமீற்றர்தான், சிறு தொட்டி போதும். ஆனால் நத்தையும் புழுவும் போன்ற உயிருணவே வேண்டும், பிற மீன்களின் துடுப்பையும் கடிக்கும். உடல் ஊடுருவித் தெரியும் கண்ணாடி மீன்களுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பதைக் கண்டால் கடையையே மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினர்கள் இதே பட்டியலைக் கேட்கும்போது நான் வேறு பதில் சொல்வதுண்டு. அங்குள்ள கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறியது. அதில் களனி மீன்களை வைத்துக் கஷ்டப்படுவதற்குப் பதிலாக, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும் செம்மஞ்சள் குரோமைட் என்ற மீனை வைக்கலாம். எட்டு சென்ரிமீற்றர் அளவு வளரும் இதன் ஆணும் பெண்ணும் சேர்ந்தே முட்டையைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியைக் கொத்தி உண்டு வளரும். அந்த நாட்களில் இணை பிற மீன்களுடன் கடுமையாகச் சண்டையிடும் என்பதால், சிறு மீன்களை முன்கூட்டியே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.