சரண்டர் என்று ஒரு வார்த்தை சொன்னதற்குப் பாரிமுனைக்கு ரெண்டு நடை

எங்கள் வீட்டில் சரண்டர் என்றால் பணம் வரும். அப்பாவின் எல்.ஐ.சி. பாலிசியை சரண்டர் பண்ணினோம், நஷ்டமோ லாபமோ ஒரு தொகை கைக்கு வந்தது. மச்சான் பள்ளிக்கூட வாத்தியார், வாயைத் திறந்தால் லீவ் சரண்டர்தான். அந்த நினைப்பிலேயே கப்பல் விஷயத்திலும் தலையாட்டிவிட்டேன்.

பேரணாம்பட்டிலிருந்து வியட்நாமுக்கு எங்கள் முதல் லெதர் லோடு. அட்வான்ஸ் 30 சதவீதம். மீதியை வியட்நாம் பார்ட்டி கட்டினால்தான், சரக்கை எடுக்க வேண்டிய பேப்பரை பேங்க் அவருக்குக் கொடுக்கும் என்று பேச்சு. கஸ்டம்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) போடும்போது, சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டான ஃபார்வர்டர் ஆபீஸ் பையன், "ஒரிஜினலா, சரண்டரா சார்?" என்றான். பார்ட்டியும் மெயிலில் சரண்டர்தான் கேட்டிருந்தார். "சரண்டரே போடுப்பா."

அந்த பி.எல். தாளை வேலூரில் பேங்க் மேடத்திடம் நீட்டினேன். தாளின் நடுவே கோணலாக ஊதா மையில் 'சரண்டர்டு' என்று சீல். அதைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, "இதை வச்சு நாங்க எதைப் பிடிச்சு வைக்கிறது? அவர் பணம் கட்டாமலே சரக்கை எடுத்துடுவாரே" என்றார். வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஒரிஜினல் பி.எல். வழக்கமாக 3 இருக்கும். ஒன்றைக் கொடுத்தாலே அங்கே சரக்கு கிடைத்துவிடும். அதனால்தான் பேங்க் மூன்றையும் கேட்கிறது. சரண்டர் என்றால் ஒரிஜினலை இங்கேயே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். கப்பல் கம்பெனி அந்த ஊர் ஆபீசுக்குச் செய்தி அனுப்பும், காகிதம் இல்லாமலே சரக்கு போய்விடும். அந்தக் காலத்தில் இந்தச் செய்தியை அனுப்பிய டெலிக்ஸ் மெஷின் செத்து எத்தனையோ வருஷம், இதற்குப் பேர் மட்டும் இன்னும் டெலிக்ஸ் ரிலீஸ்.

சரண்டரை மாற்றி ஒரிஜினல் வாங்க, விடியற்காலை குடியாத்தத்தில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். சென்னை பாரிமுனையில் கப்பல் கம்பெனி ஆபீஸ் கவுண்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லெட்டர்ஹெட்ல லெட்டர், கம்பெனி சீலோட" என்றார். சீல் பேரணாம்பட்டில், மேஜை டிராயரில். போனிலேயே கேட்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் திரும்பவும் அதே ரயில்.

நல்ல நேரம், சரண்டர் சார்ஜ் பில்லை நான் இன்னும் கட்டவில்லை. கட்டாததால் செய்தியே போகவில்லை! பில் பாக்கி வைத்ததற்காக சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். சீல் குத்திய தாளைத் திருப்பிக் கொடுத்து, தண்டம் கட்டி, மூன்று ஒரிஜினல் வாங்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

முழுப் பணமும் கணக்கில் விழாமல் சரண்டருக்குத் தலையாட்டாதீர்கள். பணம் வந்துவிட்டால் தாராளமாகப் போடலாம். கிட்டத்துத் துறைமுகம் என்றால் கூரியருக்கு முன்னாடி கப்பல் போய்ச் சேர்ந்துவிடும். எல்.சி.யில் (பணத்துக்கு பேங்க் தரும் உத்தரவாதக் கடிதம்) மூன்று ஒரிஜினலும் வேண்டும் என்று இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். பாரிமுனைக்குப் போகும்போது சீல் பையில் இருக்கட்டும்.

பேங்க் மேடம் மூன்றையும் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ராத்திரி மச்சான் போன் பண்ணினார். "என்ன மாப்ள, கப்பல்லயும் சரண்டர் போட்டியாமே. எவ்வளவு வந்துச்சு?"