ரத்தக்கட்டு கரைக்கும் ஊசிக்கு முன்னால் கேட்ட கேள்விகள்

அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வந்தது இரண்டாவது மாரடைப்பு. முதலாவது 2011-ல் வந்தது. அதனால் இந்த நோய் எப்படி வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. இந்த முறை நெஞ்சில் வலியே இல்லை. தாடையிலும் இடது தோளிலும் இழுத்துப் பிடிக்கிறது என்றார், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததால், பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் வாயு என்று சொல்லி இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊசி பின்னால் வேறு வேலை காட்டியது.

வீட்டுக்கு வந்தும் வியர்வை நிற்கவில்லை. ஆத்தாதான், "முகம் சரியில்லப்பா, கூட்டிக்கிட்டுப் போ" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தார்கள். நர்ஸ் அதை போனில் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, கை நிறைய மாத்திரைகளை எடுத்து வந்தார். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் கொடுப்பது: 150 மி.கி. ஆஸ்பிரின் 2, 75 மி.கி. குளோபிடோக்ரெல் 4, 10 மி.கி. அட்டோர்வாஸ்டாடின் 8, ஆக மொத்தம் 14. முதல் இரண்டும் ரத்தம் கட்டாமல் இருக்க, மூன்றாவது கொழுப்புக்கு. ஆஸ்பிரினை மட்டும் மென்று விழுங்கச் சொன்னார். அதற்குள் 108 வாசலுக்கு வந்துவிட்டது.

காரைக்குடியில் நாங்கள் போன மருத்துவமனையில் கேத் லேப், அதாவது இருதயக் குழாய் அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்கும் அறை, கிடையாது. அயித்தான் நேராக மதுரைக்கே போய்விடலாம் என்று துடித்தார். டூட்டி டாக்டர் மறுத்துவிட்டார். ஈசிஜி பார்த்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்க முடியும் என்றால் போகலாம். மதுரை போய், அங்கே ஆட்களைத் திரட்டி, டேபிளில் படுக்க வைப்பதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். இங்கேயே ஊசி போட்டு, குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டைக் கரைத்துவிட்டு அப்புறம் அனுப்புகிறேன் என்றார். வலி தொடங்கி முதல் 2, 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் இந்த ஊசிக்குப் பலன் அதிகம். 12 மணி நேரம் தாண்டிவிட்டால் பொதுவாகப் போடுவதில்லை.

உடனே ஊசியை எடுப்பார் என்று பார்த்தால், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். மூளையில் எப்போதாவது ரத்தக்கசிவு வந்ததுண்டா? பக்கவாதம்? சமீபத்தில் தலையில் அடி, பெரிய ஆபரேஷன்? மலம் கறுப்பாகப் போனதா, ரத்த வாந்தி எடுத்தாரா? வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? வலி முதுகுப் பக்கம் கிழிப்பது போல இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி எதற்கென்று அப்போது புரியவில்லை. இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் கிழிந்தாலும் மாரடைப்பு போலவே வலி வருமாம். அப்போது இந்த ஊசியைப் போட்டால் ஆளே பிழைப்பது கஷ்டம்.

அப்பச்சிக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அதனால் இந்தக் கேள்விகள் எல்லாம் கூட நிற்கிறவரிடம்தான் வரும். கேட்கிற டாக்டர் தாமதம் செய்யவில்லை, தேவையான வேலையைத்தான் செய்கிறார். வாசலில் நின்று சத்தம் போட்ட எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் அது புரியவில்லை.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி வந்தது. "போன தடவை எந்த ஊசி போட்டாங்க?"

எனக்குத் தெரியாது. ஊரில் இருந்த ஆச்சிக்கு போன் போட்டேன். இரண்டாங்கட்டு அறை பீரோவில், சொத்துப் பத்திரங்களுக்கு அடியில் ஆத்தா வைத்திருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மடிப்பில் கிழிந்த தாள். அதில் டைப் செய்த வரிகளுக்குக் கீழே, ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் என்று பேனாவால் எழுதியிருந்தது.

டாக்டர் அதைப் பார்த்ததும், "அப்ப அது வேண்டாம், டெனெக்டிப்ளேஸ் போடுவோம்" என்றார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கிற மருந்து. ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் அதற்கு எதிர்ப்பணுக்கள் உருவாகி வருஷக்கணக்கில் தங்கிவிடும். மறுபடி போட்டால் மருந்து வேலை செய்யாமல் போகலாம், அலர்ஜியும் வரலாம். டெனெக்டிப்ளேஸில் அந்தச் சிக்கல் இல்லை. விலை பல மடங்கு அதிகம் என்பது வேறு விஷயம்.

அதற்குள் பிரஷர் 190/110 காட்டியது. 180-க்கு மேல் இருக்கும்போது போட்டால் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் கூடும் என்று, முதலில் அதைக் குறைக்க மருந்து ஏற்றினார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அன்றைக்கு எனக்கு மிக நீண்ட நேரம். நான் கையெழுத்துப் போட்ட படிவத்திலும் அதுதான் இருந்தது: எல்லா எச்சரிக்கையும் எடுத்தாலும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். படிக்கும்போது கை நடுங்கியது. போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதையும் அவர் மழுப்பாமல் சொன்னார்.

ஊசி போட்டது சில விநாடிதான். எடையைப் பார்த்து அளவு. 64 கிலோவுக்கு 35 மி.கி. 75 வயது தாண்டியவர்களுக்குப் பாதி அளவு கொடுப்பதுண்டாம், அப்பச்சிக்கு 68. நர்ஸ் மருந்துக் குப்பியைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸை நிறுத்தி, குழாயில் சலைன் தள்ளிவிட்டுத்தான் ஊசியைச் செலுத்தினார். குளுக்கோஸோடு சேர்ந்தால் இந்த மருந்து திரிந்துவிடும் என்றார்.

அதற்குப் பிறகு கால் மணிக்கு ஒருமுறை பிரஷர். பேரைக் கேட்பது, இரண்டு கையையும் தூக்கச் சொல்வது, கண்ணில் டார்ச் அடிப்பது. தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்று என்னிடமும் சொல்லி வைத்தார்கள். நடுவில் மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. அடைப்பு திறக்கும்போது இப்படி வருவதுண்டு என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஷாக் மிஷினைக் கட்டில் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த ஈசிஜியில், மேலே ஏறியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அப்பச்சி தண்ணீர் கேட்டார்.

காலையில் பார்த்தால் இடுப்பில் கிளினிக் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி உள்ளங்கையைவிடப் பெரிதாகக் கருநீலமாக வீங்கியிருந்தது. ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்து இருதயத்தில் மட்டும் வேலை செய்யாது, உடம்பில் எங்கே புதுத் துளை இருக்கிறதோ அங்கெல்லாம் ரத்தம் கசியும். நெஞ்சுவலி சந்தேகம் இருந்தால் தசையில் ஊசி போடவே கூடாது என்று டாக்டர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ஈறிலும் லேசாக ரத்தம் வந்தது. பிரஷ் வேண்டாம், வாய் கொப்பளித்தால் போதும் என்றார்கள். வழக்கமாக வரும் சவரக்காரரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். ஊசி வேலை செய்துவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்ப்பது நல்லதாம். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நான் கேட்டு வாங்கியது ஒன்றுதான்: எந்த ஊசி, எவ்வளவு, என்ன தேதி, எத்தனை மணிக்கு என்று சம்மரியில் தெளிவாக எழுதித் தரச் சொன்னேன். 2011 தாளையும் இதையும் படம் எடுத்து எங்கள் எல்லார் போனிலும் ஏற்றியாயிற்று. ஒரு நகல் அப்பச்சியின் பர்ஸில் இருக்கிறது.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் ஒரு வருஷம் சேர்ந்து ஓடவேண்டும், யார் சொன்னாலும் இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் கூடாது. போன மாதம் அப்பச்சிக்குப் பல் ஆடியது. பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர் இரண்டு மாத்திரையையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நாங்கள் நிறுத்தவில்லை. இருதய டாக்டரிடம் கேட்டோம். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகவில்லை, மாத்திரையோடேயே பிடுங்கலாம், ரத்தத்தை அந்த இடத்திலேயே அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம் என்று பல் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்.