தீயணைப்பு நிலையத்தில் ஸ்கூபா சிலிண்டருக்குக் காற்று

எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே இரண்டு அலுமினிய சிலிண்டர்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றை ஆக்சிஜன் சிலிண்டர் என்றே நினைக்கிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு அந்த நினைப்பு இன்னும் வலுத்துவிட்டது. உண்மையில் அவை முதுகில் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் சுவாசிக்க உதவும் ஸ்கூபா சிலிண்டர்கள்; அவற்றுக்குள் இருப்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் அதே காற்றுதான். 11 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் உருளைக்குள் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்றை 207 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறோம். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல அது ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. இந்தக் காற்றை மதுரையில் எங்கே அடைப்பது என்ற கேள்வியோடு நான் அலைந்த கதையையும், அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் நான்கு நண்பர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மண்டபம் பக்கம் கடலில் இறங்குகிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-ஆம் ஆண்டிலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறோம். கடலுக்குப் போகும் நாட்களில் படகு ஏற்பாடு செய்பவர்களே நிரம்பிய சிலிண்டர்களைக் கொடுத்துவிடுவதால் அங்கே சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய பயிற்சியில்தான். மேலூர்ப் பக்கம் என் தாய்மாமாவின் தோட்டத்தில் அறுபது அடி ஆழக் கிணறு ஒன்று இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் முப்பது அடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். கடலில் இறங்குவதற்கு முன் முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதையும், சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் நழுவினால் அதைத் தேடி எடுப்பதையும் அந்தக் கிணற்றில் பழகிக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அந்தக் காற்றுக்காகக் கடற்கரை வரை 150 கிலோமீட்டர் போய் அதே தூரம் திரும்பி வருவது எங்களுக்கு இயலவில்லை.

முதலில், போகக்கூடாத இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் பலரும் அந்த இரண்டையும்தான் சொன்னார்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் பத்து பார் அளவில் நின்றுவிடும். அதன் காற்றில் எண்ணெய் ஆவியும் கலந்து வரும். இரண்டாவது, ஆக்சிஜன் நிரப்பும் டிப்போ. இது உயிரோடு விளையாடுவது. தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம்; தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர் ரெகுலேட்டரை விட்டுவிடுவார், மூழ்கிவிடுவார். எங்கள் மாமா கிணற்றின் அடிப்பகுதியே ஒன்பது மீட்டர் நீருக்குக் கீழே இருக்கிறது. அதோடு, சாதாரணக் காற்றுக்கென்று பயன்படுத்திய வால்வில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் உயரழுத்த ஆக்சிஜன் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். இதை நண்பர்களிடம் நான் நூறு முறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

தீயணைப்பு நிலையம் என்ற எண்ணம் எனக்கு ஒரு பழைய கிணற்றிலிருந்து வந்தது. நான் பள்ளியில் படித்த நாட்களில் எங்கள் ஊரில் ஒருவர் கிணற்றுக்குள் திட்டில் வைத்திருந்த டீசல் என்ஜினை ஓடவிட்டு மேலே வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் என்ஜின் நின்றுபோக, என்னவென்று பார்க்க இறங்கியவர் படிக்கட்டிலேயே சரிந்து விழுந்தார். அடுத்து இறங்க முனைந்தவர்களைப் பெரியவர் ஒருவர் தடுத்து, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடச் சொன்னார். விளக்கு அணையவில்லை. காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி இறங்கிய இன்னொருவரும் விழுந்தார். பிறகு வண்டி வந்தது. ஒரு வீரர் முதுகில் மஞ்சள் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடி மூடியும் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, இருவரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். அவர்களில் ஒருவர்தான் பிழைத்தார். அந்த விளக்கு ஏன் அணையவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும். என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடோ ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கை ஒன்றும் செய்யாது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அந்த வீரர் மாட்டியிருந்த, தீயணைப்புத் துறையினர் பி.ஏ. செட் என்று சொல்லும் மூச்சுக் கருவியும் நாங்கள் முதுகில் மாட்டும் கருவியும் உறவுக்காரர்கள். இரண்டிலும் இருப்பது அழுத்தி அடைத்த காற்று; இரண்டையும் நிரப்புவது ஒரே வகைக் கம்ப்ரசர். அமெரிக்காவில் அருகில் டைவிங் கடை இல்லாத சிற்றூர்களில் முக்குளிப்பவர்கள் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களைக் கேட்டு சிலிண்டர்களை நிரப்பிக்கொள்வது உண்டு. நம் ஊரிலும் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு காலை வேளையில் இரண்டு சிலிண்டர்களையும் காரில் படுக்க வைத்து, உருளாமல் துணி மூட்டைகளால் அடை கொடுத்து, கம்ப்ரசர் இருக்கிறது என்று கேள்விப்பட்ட ஒரு நிலையத்துக்குப் போனேன்.

நிலைய அலுவலர் என்னை உட்கார வைத்துப் பேசினார். நான் எதிர்பார்த்தது போல முடியும், முடியாது என்று ஒரே சொல்லில் அவர் முடித்துவிடவில்லை. முதலில் சிலிண்டரின் தோள்பட்டையைத் தடவிப் பார்த்து, "டெஸ்ட் தேதி எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி, அது தாங்குகிறதா என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய நீரழுத்தச் சோதனையின் மாதமும் ஆண்டும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். ஒன்றுக்கு அடுத்த சோதனை வரை இன்னும் காலம் இருந்தது. மற்றதில் காலம் முடிய நான்கு மாதங்களே பாக்கி. அதை அவர் அப்போதே ஒதுக்கி வைத்துவிட்டார். வாயு உருளைகளுக்கு 2016-ஆம் ஆண்டின் விதிகள் இருப்பதையும், வெளியாருடைய சிலிண்டரைத் தொடுவதற்கு மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி தமக்கு வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். விண்ணப்பத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

அதன்பின் கம்ப்ரசரைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எவரும் எங்கேயும் சிலிண்டரை நிரப்பிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கம்ப்ரசர் எந்தக் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் நாம் நுரையீரலில் வாங்கப் போகிறோம். அந்த நிலையத்தில் காற்றை இழுக்கும் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும் கொட்டகைப் பக்கம் திறந்திருந்தது. தினமும் காலையில் தண்ணீர் வண்டியின் என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்த நேரத்தில் கம்ப்ரசரும் ஓடினால் டீசல் புகை நேராகச் சிலிண்டருக்குள் போகும். என்னுடன் வந்து காட்டிய மூத்த வீரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் குழாயையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கள் வீரர்களின் முகமூடிக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது என்று அவரே சொன்னார்.

தரையில் தாங்கக்கூடிய மாசு ஆழத்தில் தாங்க முடியாததாகிவிடும் என்பது முக்குளிப்பவர்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய கணக்கு. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. சிலிண்டர் காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால், முப்பது மீட்டர் ஆழத்தில் அது தரையில் 40 பங்கைச் சுவாசிப்பதற்குச் சமம். தீயணைப்பு வீரர் தரை மட்டத்து அழுத்தத்தில் சுவாசிக்கிறார். நாமோ அழுத்தத்தின் அடியில் சுவாசிக்கிறோம். இதனால் தீயணைப்பு நிலையக் காற்று தரம் குறைந்தது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கத் தரக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தால், முக்குளிப்புக்கான காற்றில் கார்பன் மோனாக்சைடு 10 பங்கு வரை அனுமதிக்கப்பட, தீயணைப்பு வீரருக்கான காற்றில் 5 பங்குக்கு மேல் கூடாது. எண்ணெயின் அளவிலும் தீயணைப்புத் தரமே கடுமையானது. ஆகவே காகிதத்தில் அவர்களுடைய காற்று நம்முடையதைவிடச் சுத்தமானது. அந்தக் காகிதத்தின்படி கடைசியாகக் காற்றைச் சோதித்தது எப்போது, வடிகட்டியை மாற்றியது எப்போது, ஈரம் உறிஞ்சும் மணிகள் நனைந்து போயிருக்கின்றனவா என்பதைத்தான் கேட்க வேண்டும். வடிகட்டிக்குள் இருந்து கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும் ஹாப்கலைட் என்ற பொருள் ஈரம் பட்டால் வேலை செய்வதை நிறுத்திவிடும். முன்னால் இருக்கும் ஈரம் உறிஞ்சி கைவிட்டால் பின்னால் இருப்பதும் சேர்ந்து கைவிட்டுவிடுகிறது.

மூன்று மாதம் கழித்து நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அனுமதி கிடைத்திருந்தது, அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, காற்றிழுக்கும் குழாயை மொட்டை மாடி வரை நீட்டி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டியிருந்ததுதான். வடிகட்டியும் புதிதாக மாற்றப்பட்டு, மாற்றிய தேதி சாக்பீஸால் சுவரில் எழுதப்பட்டிருந்தது. காற்றுச் சோதனை அறிக்கையின் நகலையும் அலுவலர் எடுத்துக் காட்டினார்.

அடுத்த இடையூறு வால்வில் வந்தது. அவர்களுடைய நிரப்புக் குழாயின் முனை திருகி மாட்டும் வகை. என் சிலிண்டரின் வால்வோ கவ்விப் பிடிக்கும் வகை. இரண்டையும் இணைக்கும் பித்தளை அடாப்டரை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆனால் அந்தச் சிறிய துண்டில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவர்களுடைய கார்பன் இழை சிலிண்டர்கள் 300 பார் தாங்குபவை. என்னுடையது 207 பார். அடாப்டரை மாட்டிவிட்டால் இந்த வித்தியாசத்தைக் குழாய் உணராது, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்தான் உணர வேண்டும். அதனால் முதலிலேயே 200 என்ற எண்ணைச் சுண்ணக்கட்டியால் சிலிண்டரின் வயிற்றில் பெரிதாக எழுதிக் காட்டினேன். மூத்த வீரர் வால்வை இழை இழையாகத் திறந்தார். உள்ளே காற்று போகும் சீறல் கேட்டது. பத்து நிமிடத்தில் சிலிண்டரின் மேல் கை வைத்தால் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டது போல இதமான சூடு. அவசரமாக நிரப்பினால் சூடு அதிகமாகி, முள் பொய் சொல்லும். 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 200 பார் காட்டும் சிலிண்டர், இரவு குளிர்ந்து 27 பாகைக்கு வந்ததும் 185 பாரைத்தான் காட்டும்.

முள் 140-ஐத் தொட்டிருந்தபோது மணி அடித்தது. எங்கோ வைக்கோல் படப்பில் தீ என்று செய்தி. வால்வை மூடினார்கள், குழாயில் தங்கியிருந்த காற்றை வெளியேற்றினார்கள், அடாப்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போகும்போது அந்த மூத்த வீரர் திரும்பி, "அண்ணே, வால்வுல தூசி போகாம மூடி போட்டுக்கங்க" என்று சொன்னார். மீதி 60 பாரையும் நிரப்பித் தரக் காத்திருக்கச் சொல்லலாம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கம்ப்ரசர் ஓடுவது முதலில் அவர்களுடைய முதுகுச் சிலிண்டர்களுக்காக. அவை நிரம்பிய பிறகு, வேலை இல்லாத நேரத்தில், அனுமதியோடு, ஒன்றோ இரண்டோ சிலிண்டர் என்ற அளவிலேயே நாம் கேட்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து வாரந்தோறும் வரிசையில் நிற்க அது இடமல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கிணற்றில் இறங்கும் முன் முள்ளைப் பார்த்தேன். குளிர்ந்து 131 பாரில் நின்றது. ரெகுலேட்டரை மாட்டி, கரையிலேயே உட்கார்ந்து ஐந்து மூச்சு இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் வாடை இல்லை, நாக்கில் எந்தக் கசப்பும் இல்லை. முப்பது பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட்டேன், வெறுமையான சிலிண்டருக்குள் ஈரம் புகுந்துவிடும் என்பதால். இரண்டாவது சிலிண்டர் இப்போது நீரழுத்தச் சோதனைக்குப் போயிருக்கிறது. புதிய தேதி குத்தி வந்ததும், அந்த நிலையத்துக்கு ஒரு அடாப்டரும் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.